மறுத்து எழுதிய அத்தியாயம்

"மூணாவது அத்தியாயத்தை எடுத்துடட்டுமா மேடம்?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

அவர் அரசுக் கல்லூரி ஒன்றில் ஆங்கில ஆசிரியர். அமெரிக்க நாவல்களில் ஜனநாயகம் பற்றி ஆய்வு செய்து, ஐம்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். வழிகாட்டி பேராசிரியர் மும்தாஜ் அவரைவிட இளையவர்.

"ஏன் சார்?"

"அதுல உங்க புத்தகம் தப்புன்னு எழுதியிருக்கேன்."

"படிச்சேன்."

"அமெரிக்கா போனப்போ பெட்டி நிறைய எனக்கு நாவல், கட்டுரைன்னு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தீங்க. அதை வச்சே உங்களை மறுக்கிறேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் இல்லையா?"

மும்தாஜ் பேனாவைத் திறந்தார். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

"பைண்டிங்குக்குக் குடுத்துடுங்க."

அடுத்த ஆண்டு, பார்வையாளர் யாரும் கேள்வி கேட்கக்கூடிய பொது வாய்மொழித் தேர்வு நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்தார்.

"ஊரை எதிர்த்துத் தனியா வெளியேறுறவன்தான் அமெரிக்க ஜனநாயகத்தோட நாயகன்னு உங்க வழிகாட்டி எழுதியிருக்காங்க. துறையே ஏத்துக்கிட்ட புத்தகம். நீங்க இல்லைங்கிறீங்க. அவங்க தப்பா, நீங்க தப்பா?"

தில்லைநாயகம் மேடையில் தேர்வாளர் பக்கத்தில் இருந்த மும்தாஜைப் பார்த்தார்.

மும்தாஜ் எழுந்தார். மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளர் வரிசைக்குப் போனார். அங்கே நின்று கையைத் தூக்கினார்.

"என் பேர் மும்தாஜ். அந்தப் புத்தகத்தை எழுதினவ. ஊரை விட்டு வெளியேறவும் ஒரு துணிச்சல் வேணுமே, அது உங்க கண்ணுல படலையா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

"பட்டுச்சு மேடம்," என்றார் தில்லைநாயகம். "ஆனா அவன் போன பிறகும் ஊர் இருக்கே. தன்னைத் தோக்கடிச்சவங்களோட மறுநாளும் அதே கூட்டத்துல போய் உக்காருறவங்க இருக்காங்க. கதையில அவங்களுக்கு ரெண்டு வரிதான் கிடைக்குது. நான் அந்த ரெண்டு வரியைத் தேடிப் போனேன்."

"எங்கே இருக்கு? காட்டுங்க."

காட்டினார். ஒரு நாவல், இன்னொரு நாவல். போகப் போகக் குரலில் நடுக்கம் போயிற்று. அரங்கத்தை மறந்து மும்தாஜிடம் மட்டும் பேசினார்.



"என்கிட்ட பதில் இல்லை," என்று சொல்லிவிட்டு மும்தாஜ் அங்கேயே ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டம் உறுதியானது. கூட்டம் கலைந்ததும் தில்லைநாயகம் அவரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை மேடம்."

"நான்தான் சொல்லணும் சார். அந்தப் புத்தகத்தை இத்தனை வருஷமா எல்லாரும் பாராட்டினாங்க. நீங்கதான் படிச்சிருக்கீங்க."