பத்தாவது மடிப்பு

தும்பைக்கோட்டை அரண்மனையில் அன்று மந்திரி அனந்தகிரியைப் போல் சந்தோஷமான மனிதர் வேறு யாரும் இல்லை. அவை விகடகவி ஆவுடையப்பன் ஒழிந்தான். பத்து ஆண்டுகளாக அவரைக் காட்டி அவையையே சிரிக்கவைத்த வாய்க்கு இன்றோடு பூட்டு. நினைக்க நினைக்க மந்திரிக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

இதற்காக அவர் பெரிதாக ஒன்றும் பாடுபடவில்லை. ராஜா வல்லபதேவர் புதிதாக நூறு வெண்பா எழுதி, "எப்படி இருக்கிறது?" என்று ஆவுடையப்பனிடம் கேட்டார். அவன் சுவடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓலை நல்ல ஓலை, மன்னா" என்றான். ராஜாவின் முகம் சிவந்தது. மந்திரி அருகிலேயே இருந்து அந்தக் கோபத்துக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் உத்தரவு பிறந்தது. ஆவுடையப்பன் நாட்டை விட்டே போக வேண்டும்.

தும்பைக்கோட்டையில் அவையிலிருந்து ஒருவரை விலக்க ஒரு முறை உண்டு. சேர்ந்த நாளில் போர்த்திய பட்டுச் சால்வையை அவர் திருப்பித் தர வேண்டும். குற்றம் சொன்னவர் அதைத் தம் கையாலேயே பாதி பாதியாக மடிக்க வேண்டும். சேவை செய்தது எத்தனை ஆண்டோ, அத்தனை மடிப்பு. அதைத் தட்டில் வைத்து ராஜாவின் காலடியில் சேர்த்தால்தான் விலக்கு செல்லும். அதுவரை அவருடைய இருக்கை அவருக்கே.

இதில் அனந்தகிரிக்கு நல்ல கைப்பழக்கம். வைத்தியரை விரட்டியபோது இரண்டு மடிப்பு. வீணை வித்துவானுக்கு மூன்று. சோதிடருக்கு நாலு. ஐந்தாம் ஆண்டைப் பார்க்க அவர் யாரையும் விட்டதில்லை, இந்த ஒருவனைத் தவிர.

"முறைப்படியே நடக்கட்டும், மன்னா" என்றார் மந்திரி.

ராஜா மீசையைத் தடவினார். அவருக்குக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் சபையில் சொன்ன சொல்லை ராஜா எப்படித் திரும்ப எடுப்பார்?

ஆவுடையப்பன் மூட்டை முடிச்சோடு வந்து நின்று, சால்வையை மந்திரியிடம் நீட்டினான். நீட்டிய கை அதை உடனே விட்டுவிடவில்லை. பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? அந்தத் தயக்கம் மந்திரிக்குத் தேனாக இனித்தது.

"பத்து ஆண்டு ஆகிறது, ஐயா. பத்து மடிப்பு. உங்களுக்குத்தான் சிரமம்."

"எனக்கென்ன சிரமம்? நாலு மடித்த கைக்குப் பத்து ஒரு பெரிய விஷயமா? ஆறு மடிப்புதானே கூடும்."

"ஒருவேளை முடியாமல் போனால்?"

"முடியாமல் போனால் நீ இங்கேயே கிட. நரைத்துக் கிழவனாகும் வரை கிட."

அவை சிரித்தது. தம் பேச்சுக்கு அவை சிரிப்பது மந்திரிக்கு அதுவே முதல் முறை. அவர் உற்சாகமாகச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஐந்தும் மடங்கியது. ஆறாவதில் சால்வை தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. ஏழாவதற்கு மந்திரி அதன்மேல் முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து ஒரு வழியாக மடித்தார். எட்டாவதில் அவருடைய தலைப்பாகைதான் கழன்று விழுந்தது. சால்வை மடங்கவில்லை.

"அழுத்திப் பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். மடிப்பது என் கைதான்" என்றார் மந்திரி, மூச்சு வாங்க.

அரண்மனை மல்லன் வந்து ஏறி உட்கார்ந்தான். அவன் எழுந்ததும் சால்வையும் எழுந்தது. மந்திரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பட்டத்து யானையை முற்றத்துக்கு வரவழைத்தார். யானை சால்வைமேல் காலை வைத்தது, எடுத்தது. சால்வை கொஞ்சம் தட்டையானதே தவிர மசியவில்லை. யானை அதை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, கரும்பு இல்லை என்று தெரிந்ததும் திரும்பி நடந்தது.

"மோசடி, மன்னா. உள்ளே எதையோ வைத்துத் தைத்திருக்கிறான்."

"பொக்கிஷத்திலிருந்து இதை எடுத்து வந்து எனக்குப் போர்த்தியதே தாங்கள்தான், ஐயா" என்றான் ஆவுடையப்பன்.

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "பின்னே ஏன் மடங்கவில்லை?"

"ஆண்டு ஒவ்வொன்றாகக் கூடும், மன்னா. துணியும் அப்படியே கூடும் என்று ஐயா நினைத்துவிட்டார். துணி ஒவ்வொரு மடிப்புக்கும் இரட்டிக்கும். முதல் மடிப்பில் இரண்டு அடுக்கு. பிறகு நாலு, எட்டு, பதினாறு. சோதிடரோடு நிறுத்திக்கொண்டதால் அதற்கு மேல் ஐயாவுக்குப் பழக்கமில்லை. ஏழாவதில் நூற்றிருபத்தெட்டு. பத்தாவதில் ஆயிரத்து இருபத்துநாலு. நாலு விரல் அகலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு துணித் தூண் நிற்க வேண்டும். யானை பாவம், அது என்ன செய்யும்?"

வெகு நேரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு ராஜாவை மீறிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முறை முறைதான். மடித்துத் தட்டில் வைக்கும் வரை உன் இருக்கை உனக்கே. மூட்டையைப் பிரி. வெண்பா விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்வோம்." சொல்லிவிட்டு, தைமாதக் குளிருக்குத் தாம் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டார்.

அந்தக் கம்பளியின் தடிப்பை மந்திரி கண்ணாலேயே அளந்து பார்த்தார். ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. பட்டுச் சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு ராஜாவின் முன் நின்றார்.

"எனக்கு அவகாசம் வேண்டும், மன்னா. நெசவாளர்களைக் கலந்து பேசி, எப்படியும் மடித்துக் காட்டுகிறேன்."

"எடுத்துக்கொள்ளும்" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் தன் இருக்கையில் நிதானமாக அமர்ந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"அவசரமே இல்லை, ஐயா. சித்திரை பிறந்தால் எனக்குப் பதினோரு ஆண்டு ஆகிவிடும். அதனாலென்ன, ஒரு மடிப்புதானே கூடும்."