முப்பது புள்ளிக் கோலம்

ஜமீன்தாரிணி வெள்ளைநாச்சியார் கண் விழிப்பதே பத்து மணிக்குத்தான். அதற்குள் வேலைக்காரி சிட்டம்மா வாசலில் போட்ட கோலத்தை வண்டி மாடுகள் மிதித்து அழித்திருக்கும். நாச்சியார் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. திட்டுவதற்குப் பார்க்க வேண்டுமா என்ன?

"ஏண்டி, எட்டு மாசத்துக்கு முன்னால அஞ்சு புள்ளிதான் தெரியும்னு வந்தே. இன்னும் அதே கிறுக்கல்தானே? நாளைக்கு முப்பது புள்ளிக் கோலம் போடணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

சிட்டம்மாவுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஆனாலும் அசரவில்லை.

"சரிங்க ராணியம்மா. வண்டி வர்றதுக்குள்ள நீங்களே வந்து எண்ணிப் பாக்கணும்."

விடியும்போது நாச்சியார் கொட்டாவியோடு வந்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"முப்பத்தொன்பது இருக்கே! ஒரே ராத்திரியில எப்படிடி?"

"ஒரே ராத்திரியில இல்லீங்கம்மா. வாரத்துக்கு ஒரு புள்ளி கூட்டினேன். முப்பதை ரெண்டு மாசம் முந்தியே தாண்டிட்டேன். திரும்பிப் போக மனசு வரல."

நாச்சியார் முகம் சுண்டிப்போனது. அது சிட்டம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"நீங்க மட்டும் லேசா, ராணியம்மா? பத்து மணியிலிருந்து ஒரே நாள்ல அஞ்சு மணிக்கு வந்துட்டீங்களே!"

நாச்சியார் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் நாற்பதாவது புள்ளியை வைத்தது அவர்தான். கொஞ்சம் கோணல். சிட்டம்மா அதை அழிக்கவில்லை. கோட்டைத்தான் வளைத்துக்கொண்டாள்.