எதிர்த்துகளின் ஆற்றல்

பேராசிரியை பர்வீன் ஆய்வகத்துக்குள் கால் வைப்பதற்குள் நாச்சியார் கேட்டுவிட்டாள்.

"மேடம், என்னை லேப்ல இருந்து எடுக்கப் போறீங்களாமே?"

"துறைத்தலைவர் எடுக்கச் சொல்றார். சாயங்காலம் பதில் வேணுமாம்."

நாச்சியாரும் கதிரேசனும் ஒரே ஆய்வில் இருக்கும் மாணவர்கள். அவன் ஒன்று சொன்னால் இவள் நேர் எதிராக ஒன்று சொல்வாள். அவன் பேசினால் துறைத்தலைவருக்கு அது விளக்கம். இவள் பேசினால் வாயாடல். எதிரும் எதிரும் சேர்ந்தால் மிச்சம் பூஜ்யம், அந்தப் பெண்ணை எடுத்துவிடுங்கள் என்று முடித்துவிட்டார்.

"எடுக்கணும்னா அவனை எடுங்க. எதிர்க்கட்சி அவன்தான்."

மூலையில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த கதிரேசன் திரும்பாமலே சொன்னான். "தாயே, நான் ஆளுங்கட்சி."

பர்வீன் மேசையைக் காட்டினார். நடுவில் பாசிட்ரான் உமிழும் சிறு வில்லை. ஒரு பக்கம் நாச்சியார் அமைத்த காமா உணரி. மறுபக்கம் கதிரேசன் அமைத்தது.

"பாசிட்ரான் எலக்ட்ரானுக்கு நேர் எதிர். ரெண்டும் சந்திச்சா?"

"ரெண்டும் மறைஞ்சு காமாக் கதிரா வரும். பக்கத்துக்கு ஒண்ணு."

"பூஜ்யம் இல்லையா?"

"மின்னூட்டம்தான் மேடம் பூஜ்யம். ஆற்றல் கூட்டல்!" சொல்லும்போதே அவளுக்குக் கோபம் ஏறியது. "இது துறைத்தலைவருக்குத் தெரியாதா என்ன?"

"கதிரேசன் உணரியை அணை."

சந்தோஷமாக அணைத்தாள். இரண்டு உணரியிலும் ஒரே கணத்தில் கதிர் பட்டால்தான் திரையில் எண் ஏறும். எண் நின்றது.

"அதைப் போட்டுட்டு உன்னோடதை அணை."

விரல் தயங்கியது. அணைத்தாள். அப்போதும் நின்றது.

"எலக்ட்ரான் எல்லாத்தையும் பாசிட்ரானா, பாசிட்ரானை எலக்ட்ரானா மாத்தி வச்சா? வர்ற ஆற்றல் மாறுமா?"

"மாறாது. மின்னூட்ட மாற்றுச் சமச்சீர்மை." சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ நான் அவனுக்கு எதிர்னா அவனும் எனக்கு எதிர். இதுல யார் எதிர்னு இயற்கைக்கே தெரியாது!"

"அணுக்கருவைச் சிதைய வைக்கிற மென்விசைக்குத் தெரியும்," என்றான் கதிரேசன். "அங்கே அந்தச் சமச்சீர்மை உடையுது."

"இந்தச் சந்திப்புல மென்விசைக்கு என்னடா வேலை?"

"வில்லையில இருந்து பாசிட்ரான் வர்றதே மென்விசையாலதான்."

"வர்றது வேற, வந்து சந்திக்கிறது வேற! சாக்பீஸை எடு."

இருவரும் கரும்பலகைக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தார். வாசலில் துறைத்தலைவர் வந்து நின்றதை அவர்கள் பார்க்கவில்லை.

"இதைத்தான் சொன்னேன். முடிவு பண்ணிட்டீங்களா? யாரை எடுக்கிறீங்க?"

பர்வீன் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க சார். ரெண்டு பேரும் என் மாணவங்க. முழுசாக் கேட்டுட்டு, யாரை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."