கொடிக் கூண்டு வாள்

புதுச்சேரியில் கடலை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் எஸ்தெல் வாள் பயிற்சிக்கூடம் நடத்திவந்தாள். அங்கே கற்றுத்தந்தது ரேப்பியர். ஐரோப்பியர்கள் ஒருகாலத்தில் இடுப்பில் கட்டித் திரிந்த நீண்ட, மெல்லிய வாள். வெட்டுவதைவிடக் குத்துவதற்கே ஏற்றது. பயிற்சியில் முனைக்கு ரப்பர் தொப்பி போட்டிருப்பார்கள்.

மாணவர்களில் வக்கீல் அம்பலவாணன் அவளைவிட இருபது வயது மூத்தவர். கோர்ட்டில் எதிர்த்தரப்பை மடக்கிப் பழகிய நாக்கு. ஆனால் வாளைப் பிடித்தால் தோல்விதான். அதிலும் பேக்கரி அந்துவான் அவரை எலுமிச்சம்பழம்போல் பிழிந்துவிடுவான்.

எஸ்தெல் முழங்கால் ஆபரேஷனுக்காகச் சில மாதம் வீட்டோடு கிடந்தாள். அந்தச் சமயத்தில் வக்கீல் தனக்கென்று ஒரு வாள் செய்துகொண்டார். பிடியைச் சுற்றிக் கையை மறைக்கும் எஃகுக் கூண்டு முழுக்க முல்லைக்கொடி வடிவில் பின்னப்பட்டிருந்தது. படம் அவரே வரைந்தது. பட்டறைக்காரர் சலித்துப்போகும்வரை திருத்தித் திருத்தி வாங்கியது.

அந்த வாள் கைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். அந்துவான் திரும்பத் திரும்பத் தோற்றான். வக்கீலுக்கு வீட்டுச் சோறு ருசித்தது. கோர்ட்டில் குரல் கணீரென்று எழும்பியது.

எஸ்தெல் திரும்பி வந்தாள். மாதாகோயில் திருவிழாவில் ஊரார் முன்னால் ஆடிக்காட்ட வேண்டும். அதற்கு முன் எல்லோருடைய வாளையும் சோதித்தாள். வக்கீலின் வாளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“அழகா இருக்கு” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது.

அவள் ஒரு ரப்பர் தொப்பியை எடுத்துக் கொடிகளுக்கு நடுவே அழுத்தினாள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் விழுந்தது. வாளைத் தனியே வைத்துவிட்டாள்.

“இது ஆட்டத்துக்கு ஆகாது, வக்கீல் சார்.”

“ஏன் மாஸ்டர்?”

“எதிராளியோட முனை நுழையற இடைவெளி கூண்டுல இருக்கக் கூடாது. விரல் உடையும்.”

“யார் விரல்? என் விரல்தானே?”

“ஆமா.”

“கூண்டுல கூர் இருந்தா அடுத்தவருக்கு ஆபத்து. சரி, ஒத்துக்கறேன். இது என் கைக்கு நானே தேடிக்கற ஆபத்து. எனக்குச் சம்மதம். இதுல விதிக்கு என்ன வேலை?”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்துவான் மட்டும் தன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“திருவிழா முடியட்டும். சொல்றேன்” என்றாள் எஸ்தெல்.

வேறு வழியில்லாமல் கவிழ்த்த கிண்ணம்போல இடைவெளியில்லாத மொட்டைக் கூண்டு வைத்த கூடத்து வாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வக்கீல் திருவிழாவுக்குப் போனார். அவருடைய ஜூனியர்கள் கைதட்டக் காத்திருந்தார்கள். அந்துவான் முதல் பாய்ச்சலிலேயே நெஞ்சில் தொட்டான். அடுத்தது தோளில். மறுபடி நெஞ்சில். வக்கீலின் வாள் ஒருமுறைகூட அவன்மேல் படவில்லை. ஜூனியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் வக்கீல் கூடத்துக்கு வந்தார். தூங்காத கண்கள். கையில் முல்லைக்கொடி வாள்.

“நான் தோக்கலை மாஸ்டர். அந்தக் கிண்ணம் தோத்துது. இதோட ஆடின வரைக்கும் அந்துவான் என்கிட்ட நெருங்கினதில்லை. நீங்களே கேட்டுப் பாருங்க.”

எஸ்தெல் கை நீட்டி அந்த வாளை வாங்கிக்கொண்டாள். கனத்த கையுறை இருந்தும் கொடிகளின் சந்தில் அவள் சுட்டுவிரல் நன்றாகத் தெரிந்தது. தன் வாளை அவரிடம் கொடுத்தாள்.

“முகக்கவசம் போடுங்க. ஆடலாம்.”

“உங்க முழங்கால்…”

“மெதுவா ஆடுவோம்.”

வக்கீல் அடியெடுத்து வைத்துக் குத்தினார். அவள் தடுத்தாள். முனை கூண்டின்மேல் சறுக்கி, ஒரு சந்தில் நுழைந்து, மெத்தென்று எதிலோ இடித்தது. வெடுக்கென்று வாளைப் பின்னுக்கு இழுத்தார்.

“பட்டுதா மாஸ்டர்?”

“ஒண்ணும் இல்லை. வாங்க.”

மறுபடி பாய்ந்தார். பாதியில் கை தானாக நின்றது. அவள் அவர் நெஞ்சைத் தொட்டாள்.

“வாங்க.”

இந்தத் தடவை குறியை வெகுதூரம் தள்ளி வைத்துக் குத்தினார். காற்றில் போயிற்று. அவள் தோளைத் தொட்டாள். அடுத்த முறை அவர் குத்தவே இல்லை. வாளை ஓங்கியபடி நின்றார். அவள் நிதானமாக நடந்துவந்து வயிற்றில் தொட்டாள்.

வக்கீல் முகக்கவசத்தைக் கழற்றினார். வியர்வை சொட்டியது.

“என்ன சார், கை வரலையா?”

“வரலை மாஸ்டர். எப்படிக் குத்த வந்தாலும் உங்க விரல்தான் கண்ணுல நிக்குது.”

எஸ்தெல் வாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இத்தனை மாசமா அந்துவானுக்கும் அதான் நின்னுது” என்றாள்.