செம்பியின் வாசனை

ஒரு காட்டில், செத்துப்போன வேர் ஒன்றைச் சுற்றி, கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் குடியிருந்தது. அந்த வேர்தான் அதற்குச் சோறு.

கூட்டத்திடம் ஓர் ஏடு இருந்தது. எதிரியைக் கொல்லும் மருந்தை எப்படிக் காய்ச்சுவது என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் நினைத்தபோது அதைப் படித்துவிட முடியாது, பிள்ளைகளே. ஏட்டின்மேலேயே ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் வாசனை விட வேண்டும். அத்தனையும் சேர்ந்து மூக்கை எட்டினால்தான் அவர் எழுந்திருப்பார். ஒன்றிரண்டு பேர் பயந்ததற்கெல்லாம் மருந்து காய்ச்சினால் அதற்கே உள்ள சோறெல்லாம் செலவாகிவிடுமே!

ஒருநாள் உருளையன் என்ற வேற்று நுண்ணுயிர் வந்தது.

"ஓரமாக இருந்துகொள்கிறேன். யாருக்கும் தொந்தரவு தரமாட்டேன்," என்றது.

சொன்னது ஓரம். போய் உட்கார்ந்தது காவலருக்கு முன்னால், நட்டநடுவில். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளே வெள்ளைப் பூஞ்சை வந்து வேரைத் தின்னத் தொடங்கியது. கூட்டம் அவசர அவசரமாக வாசனை விட்டது. காவலர் அசையவே இல்லை.

"போதவில்லை. யாரோ தராமல் ஏமாற்றுகிறீர்கள்," என்றார்.

அவ்வளவுதான், ஒன்றை ஒன்று முறைத்துப் பார்க்கத் தொடங்கின.

"செம்பிதான் எப்போதும் கடைசியில் பதுங்கி நிற்பான். எனக்கு அவன்மேல்தான் சந்தேகம்," என்றது கூட்டத்தில் இருந்த மாயி.

"இருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன் அக்கா, சத்தியமாக," என்றது செம்பி.

யார் நம்பினார்கள்? பிடித்து வெளியே தள்ளின. பூஞ்சை செம்பியை விழுங்கிவிட்டது.

அப்புறமும் காவலர் எழவில்லை. பாதி வேர் போயிற்று. காவலரிடமே முறையிடலாம் என்று மாயி போனது. வழியில் உருளையன் ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தில் செம்பியின் வாசனை வந்தது.

"இது உன் வாய்க்கு எப்படி வந்தது?"

"இந்தப் பக்கமாக வந்தது, இனிப்பாக இருந்தது, நக்கினேன். எல்லோருடையதையும்தான் நக்கினேன்," என்றது உருளையன், வெட்கமே இல்லாமல்.

மாயி ஓடிப்போய்க் கூட்டத்தையே காவலரின் காலடிக்கு இழுத்து வந்தது. அங்கே நின்று வாசனை விட்டதும் காவலர் எழுந்தார். ஏட்டைப் படித்து மருந்தைக் காய்ச்சின. பூஞ்சை சுருண்டது. உருளையனும் பிழைக்கவில்லை.

மிச்ச வேரைச் சுற்றி எல்லாம் சாப்பிட உட்கார்ந்தன. மாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"செம்பி நிஜத்தைத்தான் சொன்னான்," என்றது.

நீதி: கொடுத்தது போய்ச் சேரவில்லை என்றால், கொடுத்தவரைத் துரத்துமுன் நடுவில் இருப்பவரைப் பார்.