சேதிராயர் வீட்டுக் கிணறும் யானைத்தடமும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களின் ஆசை சாலைகளை விட நீளமாக இருந்த காலத்தில், ஒரு நாட்டை வேங்கைமாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான். ஒருநாள் அவனுக்குத் தலைநகரிலிருந்து மலையைத் தாண்டிக் கடல்துறை வரை ஒரு ராஜபாட்டை போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மலைநாட்டு மிளகும் தேனும் துறைக்குப் போகும், உப்பும் துணியும் மலைக்கு ஏறும். வண்டிகளை விலங்குகள் மறிக்காதபடி இருபுறமும் மதில். சாலை வளையவே கூடாது.

சபை கைதட்டியது. மலையூரிலிருந்து வந்திருந்த நஞ்சி என்ற பெண் மட்டும் கைகூப்பி நின்றாள்.

"சாமி, பாதை எங்களுக்கு வேணும். போன மழையில எம் மருமகளப் பிரசவ வலியோட தூளியில தூக்கியாந்தோம். பாதி வழியிலயே போயிட்டா. ஆனா நீங்க மதில் வைக்கிற கணவாயிலதான் ஆனைங்க தண்ணிக்கு இறங்குது. அத அடைச்சா அதுங்க எங்க வெள்ளாமைக்குள்ள வரும். நாங்களும் சாவோம், அதுங்களும் சாகும்."

அரசன் தாடியைத் தடவினான். அவனுக்கும் மனம் இளகத்தான் செய்தது. அதற்குள் முதலமைச்சர் சேதிராயர் எழுந்தார்.

"மன்னா, நாடு வளர வேண்டுமானால் நான்கு விலங்குகள் சுற்றிப் போகத்தான் வேண்டும். தாகம் எடுத்தால் தானே வேறு வழி தேடிக்கொள்ளும்."

"அமைச்சர் பெருமான் யானையாகப் பிறந்து பார்த்ததுபோல் பேசுகிறார்" என்றான் அரண்மனை விகடன் இடும்பன்.

சபை சிரித்தது. சேதிராயருக்கு முகம் கறுத்துவிட்டது. ஏற்கெனவே அரசன் இடும்பனோடு சிரித்துப் பேசுவது அவருக்கு ஆகாது.

"மன்னா, யானைகள் மேல் இத்தனை கரிசனம் உள்ள இடும்பனே சாலைக்குக் கயிறு பிடிக்கட்டும். அரியணையின் காலிலிருந்து கடல்துறை வரை கயிறு சாணளவும் வளையக் கூடாது. வளைந்தால் அவன் தலை போகட்டும்."

அரசனும் யோசிக்காமல் "அப்படியே ஆகுக" என்றுவிட்டான். இனி யானைத்தடத்தை இடும்பனே தன் கையால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையைக் கொடுக்க வேண்டும். நஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாலையின் அளவுக்கயிற்றை அரியணையின் காலில் கட்டிப் பூசை செய்வார்கள். பூசை முடிந்ததும் சத்தமில்லாமல் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கோட்டை வாசலுக்கு வெளியே கட்டி, அங்கிருந்துதான் அளப்பார்கள். பூசை வேறு, வேலை வேறு.

இடும்பன் கயிற்றை அவிழ்க்கவில்லை.

கயிறு சபாமண்டபத்து வாசலைத் தாண்டித் தேர்வீதியைக் கடந்து, நேரே சேதிராயர் மாளிகைக்குள் நுழைந்தது. எந்நேரமும் அரசன் கண்ணில் பட வேண்டுமென்று அரியணைக்கு நேரெதிரே வீடு கட்டியவர் அவர். கடலும் அந்தத் திசையில்தான் இருந்து தொலைத்தது. ஆட்கள் புழக்கடையிலிருந்து மதிலை எழுப்பத் தொடங்கினார்கள். சேதிராயர் சபையிலிருந்து பசியோடு திரும்பியபோது வீடு இந்தப் பக்கம், கிணறும் சமையற்கட்டும் அந்தப் பக்கம்.

"குழம்பு ஆறுது, சுத்தி வாங்க" என்று மனைவி மதிலுக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். சுற்றி வர மூன்று தெரு நடக்க வேண்டும். சேதிராயருக்கோ மூட்டுவலி. மதிலில் ஏறிப் பார்த்தார். பாதியில் வேட்டி மாட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தொங்கினார். கூச்சல் கேட்டு அரசனே வந்துவிட்டான்.

"அடேய் இடும்பா, சாலையைக் கொஞ்சம் வளையேன்" என்று கெஞ்சினார் அமைச்சர்.

"வளைத்தால் என் தலை போகும், பெருமானே. தாங்கள் கேட்டு வாங்கிய ஆணை."

"மனுஷன் தண்ணீருக்கு எங்கே போவான்? வளைக்க முடியாவிட்டால் தூக்கிக் கட்டித் தொலை. தூண் நிறுத்திச் சாலையை மேலே விடு. நான் அடியில் நுழைந்து போய்க்கொள்கிறேன்."

இடும்பன் அரசனை வணங்கினான். "மன்னா, முதலமைச்சரின் யோசனை தங்கள் செவியில் விழுந்ததல்லவா? சாலை வளையாது, வண்டியும் நிற்காது, தாகம் எடுத்தவர்களும் அடியில் போகலாம். கணவாயிலும் இப்படியே கட்ட உத்தரவிடுங்கள். இங்கே அமைச்சர் குனிந்து போகிற உயரம் போதும். அங்கே கொம்பன் யானை நிமிர்ந்து போக வேண்டும்."

"கட்டச் செலவு..." என்று தொங்கியபடியே தொடங்கிய சேதிராயர், மதிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அமைச்சரை இறக்கிவிடச் சொல்லி, புழக்கடை மதிலை இடிக்கவும், சாலையைக் கோட்டை வாசலிலிருந்தே தொடங்கவும், கணவாயில் உயர்ந்த பாலம் கட்டவும் ஆணையிட்டான். தன் முத்துமாலையை இடும்பன் கழுத்தில் போட்டு, "வேறென்ன வேண்டும்?" என்றான்.

"பாலத்துக்கு அமைச்சர் பெயரை வையுங்கள், மன்னா. அவர் யோசனைதானே."

சேதிராயர் பாலத்தில் முதல் வண்டி ஓடியபோது அதில் உப்பு மூட்டை இல்லை. பிரசவத்துக்குப் போகும் ஒரு பெண்ணும் நஞ்சியும் இருந்தார்கள். அடியில் யானைகள் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கப் போனான்.

"அதுங்க பாட்டுக்குப் போகட்டும்" என்றாள் நஞ்சி. "நீ ஓட்டு."