தட்டும் வரை

"இன்னைக்குத் தவசிமுத்து அண்ணனோட யாரு மெத்தையில உருளப்போறது?"

"நான் இல்லப்பா. எனக்கு ரெண்டு முட்டியும் வேணும். அடுத்த மாசம் கல்யாணம், மணவறையைச் சுத்தணும்."

உள்ளே சிரித்தார்கள். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தவசிமுத்துவுக்கு அந்தச் சிரிப்பும் கேட்டது.

அவர் நேராகப் பெனிட்டாவிடம் போனார். ஜியுஜிட்சு என்ற மல்யுத்தம் பழகும் அந்தக் கூடத்துக்கு அவள்தான் மாஸ்டர். அவரைவிட வயதில் இளையவள். குனிந்து தரைமெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒருத்தனும் என்கூடப் பயிற்சிக்கு வர மாட்டேங்கான். ஆள் இல்லாம நான் எப்படிக் கத்துக்க? நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஏன் வர மாட்டேங்காங்க?"

"தெரியாத மாதிரி கேக்கீங்க. ரொசாரியோ முட்டி."

போன மாதம் பயிற்சியில் அவர் கூடப் பழகும் ரொசாரியோவின் காலைப் பூட்டினார். முழங்காலைத் தன் தொடைகளுக்கு நடுவே நெருக்கி, குதிகாலை முழங்கை மடிப்பில் சிக்கவைத்து, உடம்பைத் திருப்பினார். பிடிபட்டவன் 'போதும்' என்று கையால் தட்டினால் உடனே விட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

ரொசாரியோ தட்டவில்லை. ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"தட்டியிருந்தா அந்த நொடியே விட்டிருப்பேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒரு தப்பும் இல்லண்ணே."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. குரல் கொஞ்சம் ஏறியது.

"துறைமுகத்துல கிரேன் ஓட்டுதேன். கீழ நிக்கிறவன் கை காட்டினாத்தான் நிறுத்துவேன். அவன் காட்டலைன்னா அது என் குத்தமா?"

"இல்ல." அவள் துணியைப் பிழிந்தாள். "ஏன் தட்டலைன்னு ரொசாரியோகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். வலிக்கலைன்னு சொல்லுதான்."

"வலிச்சிருக்காது. இந்தப் பூட்டுல முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்ச பெறகுதான் வலி வரும்."

"அவனுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

பெனிட்டா வாளியைத் தள்ளி வைத்தாள். மெத்தையில் மல்லாந்து படுத்து, வலது காலை அவர் பக்கம் நீட்டினாள்.

"பூட்டுங்க."

மற்றவர்கள் வந்து சுற்றி நின்றார்கள். கல்யாணமாகப் போகிற பையன் பதறினான்.

"மாஸ்டர், வேண்டாம். ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் போட்டி இருக்கு."

"நீ சும்மா இரு, மாப்பிள்ளை."

தவசிமுத்து உட்கார்ந்தார். முழங்காலை நெருக்கினார். குதிகாலைச் சிக்கவைத்தார்.

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"திருப்புங்க."

திருப்பினார். அவள் கைகளைத் தேடினார். தெரியவில்லை. முகத்தைப் பார்த்தார். அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுங்க மாஸ்டர்."

"வலிக்கலையே. இன்னும் கொஞ்சம்."

மயிரிழை அளவு திருப்பினார். அவள் காலுக்குள் ஏதோ ஒன்று முழு நீளத்துக்கும் விறைத்து நிற்பது அவர் முன்கைக்குத் தெரிந்தது. அதோடு நிறுத்தினார்.

"மாஸ்டர், இதுக்கு மேல இடமில்ல."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தட்டிருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"கும்பிடணும்னா காலை விடணும்லா அண்ணே," என்றான் பையன்.

யாரும் சிரிக்கவில்லை. பெனிட்டா கைகளை எடுக்கவில்லை. தவசிமுத்துவின் நெற்றி வியர்வை அவள் பாதத்தில் சொட்டியது.

அவர் தன் பிடியிலிருந்து ஒரு கையை மெல்ல உருவினார். அந்தக் கையால் மெத்தையில் இரண்டு முறை தட்டினார்.